அரசன் வரவைத் தவிர்க்க ஒரு பொத்தான்

கேள்வி: இணையத்துக்கென்று சிறு குழுக்கள் சொந்தமாக எடுக்கும் நாடகத் தொடர்கள் தரத்தில் எங்கேயோ போய்விட்டன. விடிய விடிய இருந்து பார்க்கிறோம். நம்மூரில் இது எப்போது?
- ஒரு வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: விடிய விடியவா? தம்பி, அந்தக் கணக்கை மட்டக்களப்பானிடம் காட்ட வேண்டாம். இரவு கூத்துக் களரியில் மத்தளம் விழுந்தால், முடிவில் வாழி பாடும்போது சூரியன் வந்துவிடும். அதுவும் பனியில் பாய் விரித்து.

இப்போதைய தொடர்களில் ‘அறிமுகத்தைத் தவிர்’ என்று ஒரு பொத்தான் வருகிறதே, அதை ஒரு வடமோடிக் கூத்துக்குப் பூட்டிப் பாருங்கள். வருகிறவரை முன்னறிவிக்கும் கட்டியகாரன் போவான். அரசன் ஆடிப்பாடிக் களரிக்குள் நுழையும் வரவு போகும். மந்திரி, சேனாதிபதி வரவெல்லாம் போகும். பத்து மணிக்குத் தருமர் சூதாடி, பத்தேகாலுக்கு நாட்டை இழந்து, கச்சான்காரர் கடை விரிக்குமுன் வாழி பாடி முடித்துவிடலாம். கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரை ஊர் சும்மா விடுமா?

சரி, தரம். அமெரிக்காவில் இஸா ரே 2011இல் யூடியூபில் ஒரு தொடர் தொடங்கினார். நடுவில் காசு தேவைப்பட்டது. பார்த்தவர்களிடமே 30,000 டொலர் கேட்டார். 56,000க்கு மேல் கொடுத்தார்கள். 2016இல் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் அவருக்கென்றே ஒரு தொடர் வந்தது. தன் ஆட்களின் பேச்சை அவர் கூச்சமில்லாமல் எழுதினார். அதற்கு விழுந்த காசு என்பேன்.

நம்மவர் என்ன செய்கிறார்கள்? ட்ரோனை வாடகைக்கு எடுத்து மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தைக் காட்டுகிறார்கள். பழைய பாலம், புதுப் பாலம், வாவி, மறுபடி பாலம். ஒருவழியாகக் கதாநாயகன் வாய் திறந்தால் கோடம்பாக்கத் தமிழ், பிறந்தது ஆரையம்பதி! பின்னால் வாவிக் காற்று அவனைவிடச் சத்தமாக நடிக்கிறது, ஏனென்றால் மைக் வாங்கும் காசைத்தான் ட்ரோன் தின்றுவிட்டதே. ‘பிறகு’ என்பதற்கு நம்மூர்ச் சொல்லான ‘மறுகா’வை எழுதினால் வெளியூராருக்கு விளங்காது என என்னோடு வாதாடிய இயக்குநர் ஒருவர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. நல்லது, அந்தத் தமிழில் அவர் கதைக்காமலே இருக்கட்டும்.

கூத்தில் ஆடுவோருக்கு அவரவர் பாட்டெழுதிய சட்டம் கொடுத்து, மாதக்கணக்காகப் பழக்கி, சதங்கை கட்டி, வாராவாரம் கிழமைக் கூத்தாடி, கடைசி ஒத்திகையாக அடுக்குப் பார்த்து, மறுகாதான் அரங்கேற்றம். அதுவரை ஊர்க் கிழவர்கள் முகத்துக்கு நேரே பிழை சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இங்கே சனிக்கிழமை எழுதி, ஞாயிறு எடுத்து, திங்கள் ஏற்றிவிட்டு ‘லைக் போடுங்க’ என்கிறார்கள். எழுதிய பிரதியை முதலில் ஏதாவது கோயில் வீதியில் ஊராருக்கு வாசித்துக் காட்டட்டும். ட்ரோன் வராது என்று உறுதி தந்தால் நானும் வருவேன்.