டிட்டிகாக்கா தீவில் நடைப்பயணம்: சுகர், பி.பி. உள்ளவர்கள் போகலாமா?

கேள்வி: பொலிவியாவில் டிட்டிகாக்கா ஏரியிலுள்ள இஸ்லா டெல் சோல் தீவுக்கு நானும் என் கணவரும் ஜூலையில் போகிறோம். விமானத்தில் லா பாஸ் இறங்கி ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாளே பஸ், படகு பிடித்துத் தீவுக்குப் போவதாகத் திட்டம். யுமானி ஊரில் இரண்டு இரவு தங்கி, வடமுனையிலுள்ள சின்கானா இன்கா இடிபாடுகள் வரை பையைச் சுமந்து நடக்க ஆசை. எனக்கு 47 வயது. சுகருக்கு மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை. கணவருக்கு 53, பி.பி.க்கு டெல்மிசார்டன் 40. இருவரும் தினமும் 5 கி.மீ. நடக்கிறோம். உயர நோய்க்கான டையாமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் போதுமா?

பதில்: நீங்கள் இருவரும் போகலாம். ஆனால் இந்தத் திட்டப்படி வேண்டாம்.

ஏரியின் நீர்மட்டமே சுமார் 3,810 மீட்டர். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. தினமும் 5 கி.மீ. நடப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அது உயர நோயை, அதாவது உயரமான இடத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் தலைவலி, குமட்டல் போன்றவற்றைத் தடுக்காது. உடல் வலுவுள்ளவர்கள் வேகமாக ஏறி முதலில் படுத்துவிடுவதும் உண்டு.

உயர நோய் முற்றினால் உண்மையான சிகிச்சை கீழே இறங்குவதுதான். இந்தத் தீவில் சிக்கலே அதுதான். படகு ஏறும் ஏரிக்கரை ஊரான கோபகபானாவுக்குத் திரும்பினாலும் கிட்டத்தட்ட அதே உயரம். அங்கிருந்து லா பாஸ் போக டிக்கினா நீரிணையைப் படகில் கடந்து, 4,000 மீட்டருக்கு மேலுள்ள எல் ஆல்ட்டோ வழியாகப் போக வேண்டும். போய்ச் சேரும் லா பாஸும் 3,600 மீட்டர். ஆகவே உடலைப் பழக்கும் வேலையைத் தீவுக்குப் போகும் முன்பே முடித்துவிட வேண்டும்.

லா பாஸில் நேராக இறங்காமல், தாழ்வான சான்டா குரூஸில் இறங்குங்கள். அங்கிருந்து சுமார் 2,800 மீட்டரிலுள்ள சுக்ரேயில் மூன்று இரவு, லா பாஸில் இரண்டு இரவு, கோபகபானாவில் ஓர் இரவு, அதன் பிறகு தீவு. இவ்வளவு நாள் இல்லையென்றால் தீவில் தங்கும் இரவுகளைக் குறையுங்கள், சுக்ரேயைக் குறைக்காதீர்கள்.

டையாமாக்ஸ் 250 மி.கி. மாத்திரையில் பாதி காலை, பாதி மாலை. சுக்ரேக்கு ஏறுவதற்கு முந்தின நாள் தொடங்கி, தீவில் இரண்டாம் நாள் வரை போதும். இது மூச்சைத் தூண்டிவிட்டு, உடல் பழகுவதை விரைவுபடுத்தும். விரல் நுனியும் உதடும் மரமரக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், சோடா கலந்த பானம் சுவைக்காது. இவற்றுக்குப் பயப்பட வேண்டாம். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கணவரின் மாத்திரை அட்டையை ஒருமுறை திருப்பிப் படியுங்கள். டெல்மிசார்டனோடு சிறுநீரைக் கூட்டும் மருந்தான குளோர்தாலிடோன் அல்லது ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்திருந்தால், டையாமாக்ஸோடு அது உடலின் நீரையும் பொட்டாசியத்தையும் அதிகம் வெளியேற்றும். மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். கணவர் தலைவலிக்கு ஐபுப்ரோஃபென் எடுக்கக்கூடாது, பாரசிட்டமால் போதும். முதல் சில நாட்கள் பி.பி. கொஞ்சம் ஏறும். அதற்காக டோஸைத் தானாகக் கூட்டவும் கூடாது, மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

உங்களுக்கு: கிளம்பும் முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பாருங்கள். வாந்தி எடுத்தாலோ, சாப்பிட முடியாமல் போனாலோ மெட்ஃபார்மினையும் டையாமாக்ஸையும் நிறுத்துங்கள். இரண்டும் ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டக்கூடியவை. ஜூலை இரவில் அங்கே உறைபனிக் குளிர். குளுக்கோமீட்டர் குளிர்ந்தால் தவறாகக் காட்டும், சட்டைக்குள் வையுங்கள்.

யுமானிப் படகுத்துறையில் இறங்கியதும் இன்காக்கள் கட்டிய கல் படிக்கட்டு நிற்கும், சுமார் 200 படி. அதற்கு மேலும் ஏறினால்தான் விடுதிகள். பலருக்கு மூச்சு முட்டுவது இங்கேதான். பெரிய பையைக் கோபகபானாவிலேயே விட்டுவிட்டு 5 கிலோவுக்குள் எடுத்துப் போங்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். முதல் நாள் தெற்கே பில்கோ கைனா இடிபாடு வரை மட்டும் போய் வாருங்கள். சின்கானாவுக்கு மேட்டுப்பாதையில் ஒரு வழிக்கே மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். சில இடங்களில் 4,000 மீட்டரைத் தாண்டும். போய்த் திரும்பி இரண்டு வழியும் நடப்பது உங்களுக்கு அதிகம். வடக்கே சல்லபம்பாவுக்குப் படகு கிடைத்தால் அதில் போய், ஒரு வழி மட்டும் நடந்து வாருங்கள். பாதை திறந்திருக்கிறதா என்று கோபகபானாவிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்ச் சச்சரவில் 2017 முதல் வடபகுதி நெடுநாள் மூடியிருந்தது.

ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை விரலில் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் 85 முதல் 90 வரை காட்டினால் அங்கே இயல்புதான். விரலைச் சூடாக்கிய பிறகே பாருங்கள். எண்ணைவிட ஆளைக் கவனியுங்கள். தலைவலியோடு குமட்டல் வந்தால் அன்று நடை கிடையாது. தரையில் ஒரு கோட்டின்மேல் ஒரு காலின் குதிகாலும் மறுகாலின் கட்டைவிரலும் ஒட்டியபடி பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், பேச்சுக் குழறினால் மூளை வீக்கம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, படுத்தால் கூடும் இருமல் என்றால் நுரையீரலில் நீர். இரண்டிலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் விடுதிக்காரரை எழுப்பிப் படகும் ஆக்சிஜனும் கேளுங்கள். மூளை வீக்க அறிகுறிக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து 8 மி.கி., பிறகு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 4 மி.கி.; மருத்துவர் சீட்டோடு கையில் இருக்கட்டும். அது சுகரை வேகமாக ஏற்றும். ஆனாலும் அந்த நேரத்தில் தயங்காதீர்கள்.

கோகா இலை டீ அங்கே எல்லோரும் தருவார்கள். ஒரு கோப்பை குடிக்கலாம், ஆனால் அது டையாமாக்ஸுக்கு மாற்று அல்ல. இலையை இந்தியாவுக்குக் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். மதுவும் தூக்க மாத்திரையும் முதல் மூன்று இரவுகளுக்கு வேண்டாம். குடிநீர் அங்கே 88 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், அதனால் மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டுக்கொள்ளுங்கள். தீவில் அந்தக் காய்ச்சல் இல்லைதான். ஆனால் பொலிவியாவிலிருந்து திரும்பும்போது அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க நேரிடும்.