புயலுக்கு முன்னும் பின்னும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, புயலுக்கு முன் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்பதைப் பற்றியவை. அவசியமான கேள்விதான். ஆனால் காற்று ஓய்ந்த பிறகு அறுந்த மின்கம்பியாலும், தேங்கிய நீராலும், வீட்டுக்குள் ஓடும் ஜெனரேட்டராலும் போகும் உயிர்கள் காப்பாற்றியிருக்கக்கூடியவை என்பதால், அந்த நாட்களைப் பற்றிய கேள்விகளுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

கண்ணாடி ஜன்னல்களில் குறுக்காக டேப் ஒட்டினால் போதுமா? உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாக இருக்க ஒரு ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்றும் சொல்கிறார்களே? (வாசகி, சென்னை)

இரண்டுமே வேண்டாம். டேப் ஒட்டுவதால் கண்ணாடி வலுப்பெறாது; உடையும்போது பெரிய, கூரிய துண்டுகளாக விழும் ஆபத்துதான் கூடும். திறந்த ஜன்னல் வழியே புகும் காற்று உள்ளிருந்து கதவுகளை நெருக்கும்; ஓட்டுக் கூரையோ தகரக் கூரையோ இருந்தால் அதைத் தூக்கிவிடும். எல்லா ஜன்னல்களையும் தாழிட்டு, முடிந்தால் வெளிப்புறத்தில் பிளைவுட் பலகை அடித்து, காற்று உச்சத்தில் இருக்கும் நேரத்தில் ஜன்னல் இல்லாத அறையில் இருங்கள். பால்கனிப் பூந்தொட்டிகளையும் மொட்டை மாடியில் கிடக்கும் தகரத் துண்டுகளையும் முந்தைய நாளே உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். காற்றில் பறந்துபோய் அடுத்த வீட்டுக் கண்ணாடியை உடைப்பவை இவைதான்.

காற்று திடீரென்று நின்றுவிட்டால் புயல் கடந்துவிட்டது என்று கொள்ளலாமா? (வாசகர், நாகப்பட்டினம்)

கூடாது. வலுவான புயலின் நடுவே 'கண்' எனப்படும் அமைதியான பகுதி உண்டு. அது உங்கள் ஊரின் மேல் வரும்போது காற்று அடங்கும். வானம் வெளுப்பதும் உண்டு. சில நிமிடங்களிலோ ஒரு மணி நேரத்திலோ அது நகர்ந்ததும், அதுவரை வடக்கிலிருந்து வீசிய காற்று தெற்கிலிருந்து அதே வேகத்துடன் திரும்பி வரும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கடந்தபோது சென்னை மக்கள் இதை நேரிலேயே பார்த்தார்கள். ஒரு பக்கமாக அடித்த காற்றில் வேர் தளர்ந்து நிற்கும் மரங்கள், எதிர்ப்பக்கக் காற்றில்தான் பல சமயங்களில் சாய்கின்றன. அந்த நேரத்தில் மரத்தடியில் நிற்பவரால் தப்புவது கடினம். ஆகவே புயல் முழுமையாகக் கடந்துவிட்டது என்று வானிலை ஆய்வு மையம் அறிவிக்கும்வரை வெளியே வராதீர்கள்; அந்த அறிவிப்பைக் கேட்க பேட்டரியில் இயங்கும் ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும். உங்கள் கடற்கரை தாழ்வானது என்பதால் கடலையும் மனத்தில் கொள்ளுங்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்ததில் காற்றைவிடக் கடல் நீருக்கே பெரும் பங்கு. முகாமுக்குப் போகச் சொன்னால் பகல் வெளிச்சம் இருக்கும்போதே புறப்பட்டுவிடுங்கள்.

கடலிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறோம். எங்களுக்குமா முன்னேற்பாடு? (வாசகர், கிருஷ்ணகிரி)

ஆம். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் வலுவிழந்து உள்நாட்டுக்கு நகர்ந்தபோது, உங்கள் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. உங்களுக்குக் காற்றைவிட ஏரியும் ஓடையுமே கவலை. பத்திரங்களை நீர் புகாத உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். இரவில் ஏரி உடைந்தால் எந்த மேட்டுக்குப் போவது என்பதை இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

அம்மா இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மின்சாரம் போனால் என்ன செய்வது? (வாசகி, கடலூர்)

பயன்பாட்டில் இருக்கும் இன்சுலினில் பெரும்பாலான வகைகள், வெயிலும் வெப்பமும் படாமல் இருந்தால், அறை வெப்பநிலையில் சுமார் 4 வாரம் தாங்கும். உறையில் உள்ள குறிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிரிக்காத மருந்தைத் தண்ணீர் புகாத உறையில் இறுகக் கட்டி, நீர் ஊற்றிய மண் பானைக்குள் வைக்கலாம். பனிக்கட்டியோடு ஒட்டி வைக்காதீர்கள். உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. இரண்டு வாரத்துக்கான மருந்தும், சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்புகளும் முன்பே கையில் இருக்கட்டும்.

புயலுக்குப் பின் பல நாள் கரண்ட் வருவதில்லை. நான்கு வீடுகள் சேர்ந்து ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்கலாமா? (வாசகர், பட்டுக்கோட்டை)

எடுக்கலாம். 2018 நவம்பரில் கஜாவுக்குப் பிறகு உங்கள் பகுதிக் கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருளில் கிடந்ததை நீங்கள் அறிவீர்கள். அப்போது தொட்டிகளில் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டர்கள்தான் உதவின. ஆனால் இரண்டு விஷயங்களில் சிறிதும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதலாவது, அதை வைக்கும் இடம். மழைக்குப் பயந்து திண்ணையிலோ மாடிப்படியின் கீழோ வைத்தால், அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் நிறையும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தொடங்கும். தூங்குபவர் எழாமலே போய்விடுவார். கதவு, ஜன்னல்களிலிருந்து 20 அடியாவது தள்ளி, திறந்த வெளியில், மேலே மட்டும் மறைப்புக் கட்டி வையுங்கள். மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டுவதிலும் இதே ஆபத்து உண்டு.

இரண்டாவது, இணைப்பு. வீட்டு பிளக் பாயின்ட்டில் ஜெனரேட்டர் வயரைச் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டை வெளி லைனிலிருந்து துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் அப்படிச் செய்தால், மின்சாரம் சர்வீஸ் வயர் வழியே திரும்பிப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் பல மடங்கு உயர்ந்த அழுத்தத்துடன் லைனில் பாயும். லைனில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் மின் ஊழியரை அது கொன்றுவிடும். நமக்கு வெளிச்சம் தருவதற்காக வெளியூரிலிருந்து வந்து, தெருவோரத்தில் படுத்து எழுந்து வேலை பார்ப்பவர்கள் அவர்கள். மோட்டாரையும் விளக்கையும் ஜெனரேட்டரில் நேரடியாக இணையுங்கள்.

அறுந்து கிடக்கும் கம்பி எதுவானாலும் அதில் மின்சாரம் பாய்கிறது என்றே கொள்ளுங்கள்; ஈரக் குச்சியும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் தள்ளிவிட முயலாமல், யாரும் நெருங்காதபடி காவல் நின்று, 94987 94987 என்ற மின்னகம் (மின்வாரியப் புகார் மையம்) எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

சம்பில் (தரையடித் தண்ணீர்த் தொட்டியில்) வெள்ள நீர் புகுந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் போட்டால் சரியாகிவிடுமா? (வாசகர், தாம்பரம்)

சரியாகாது. 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் என்பது ஓரளவு தெளிந்த நீருக்கான அளவு. சாக்கடை கலந்த கலங்கல் நீரில் அது வீணாகிவிடும். நீர் முழுவதையும் இறைத்து, சேற்றை அள்ளி, சுவர்களைப் பிளீச்சிங் கரைசலால் தேய்த்துக் கழுவிய பிறகே புது நீர் நிரப்புங்கள். சம்புக்குள் இறங்குபவர் தனியாக இறங்கக் கூடாது. அதற்குள் மோட்டார் இருந்தால் மெயின் சுவிட்சை அணைத்திருக்க வேண்டும். குடிப்பதற்கு மட்டும் சில வாரங்கள் நன்கு கொதித்த நீரே இருக்கட்டும்.

வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் பாம்பு இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. (வாசகி, சிதம்பரம்)

பயத்தில் நியாயம் இருக்கிறது. பாம்புகளும் மேடு தேடித்தான் வரும். பகலில் நுழையுங்கள், காலணி அணிந்து, பாத்திர அடுக்கு, விறகுக் குவியல், சுருட்டிய பாய் ஆகியவற்றை நீண்ட கம்பால் நகர்த்திப் பார்த்த பிறகே கை வையுங்கள். கடித்துவிட்டால் கீறுவதோ, வாயால் உறிஞ்சுவதோ, கயிற்றால் இறுக்கிக் கட்டுவதோ வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனை உங்களுக்கு அருகில் எது, அதற்குப் போகும் பாதையில் எங்கே தண்ணீர் நிற்கும் என்பதை மழைக்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.