சரிவு நிலத்தில் மண்ணும் தண்ணீரும்: வாசகர் கேள்விகள்

கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கரில் கேரட்டும் உருளையும் போடுகிறோம். ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கீழ்த்தோட்டத்துக்குப் போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

பாத்தி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். மேலிருந்து கீழாகப் பிடித்திருந்தால், மண் போக நாமே வழி வெட்டிக் கொடுத்தது மாதிரி. சரிவுக்குக் குறுக்கே பிடியுங்கள். தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகிவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான். அதனால்தான் பாத்தியை முழு மட்டமாக வைக்காமல், நூறடிக்கு ஓரடி வீதம் ஒரு பக்கமாக இறக்கி, புல் பிடித்த வடிகாலில் விட வேண்டும்.

மட்டம் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். ஆளுயரக் கம்பு இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு வையுங்கள். உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தைக் குறித்துக்கொண்டு, இரண்டு கால்களையும் இடம் மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். அந்த இரண்டு குறிக்கும் நடுவில் கயிறு நின்றால் இரு காலும் ஒரே மட்டம்.

படித்தட்டு, கல் தடுப்பு கட்ட மானியம் உண்டா என்று வேளாண் பொறியியல் துறையில் கேளுங்கள். சிட்டாவும் நில வரைபடமும் கையில் இருக்கட்டும். மத்திய அரசின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் 1954 முதல் ஊட்டியிலேயே இருக்கிறது. நம் விவசாயிகள் பலர் அதன் வாசலை மிதித்ததே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

வீட்டுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் நீளமாக விரிசல் தெரிகிறது. மண் போட்டு மூடினால் போதுமா?

போதாது. மழை நாளென்றால் உடனே குடும்பத்தோடு வெளியேறி, 1077 என்ற மாவட்டப் பேரிடர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர் பக்கம் நடந்த நிலச்சரிவுகளை நாம் மறக்கக் கூடாது. வெயில் நாளில் விரிசலைக் களிமண்ணால் அடைத்து, அதற்கு மேலே கான் (வாய்க்கால்) வெட்டித் தண்ணீரை ஒதுக்குப்புறமாகத் திருப்புங்கள். சரிவின் அடியில் மண் எடுக்கவே எடுக்காதீர்கள். அப்புறம், கழிவுநீர்க் குழி அந்தச் சரிவில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எங்கள் ஊற்று வற்றிவருகிறது. மேலே இருக்கும் கற்பூர (யூகலிப்டஸ்) மரங்கள் காரணமாக இருக்குமா?

இருக்கலாம். புல்வெளியைக் கற்பூரத் தோப்பாக மாற்றினால், ஓடையில் வரும் நீர் முதல் சுற்றிலேயே (நட்டதிலிருந்து முதல் வெட்டு வரை) சுமார் 16 சதவீதம் குறைகிறது என்று நீலகிரியில் நடந்த ஆய்வு காட்டியது. ஆனால் சொந்த மரம்தானே என்று கோடரி எடுக்காதீர்கள். மலைப்பகுதி மரங்களுக்கு 1955-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வனத்துறையில் கேட்டுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அந்த இடத்தில் சோலை மரமும் (இந்த மலைக்கே உரிய காட்டு மரம்) புல்லும் வையுங்கள்.

பொக்லைன் வைத்து ஒரே நாளில் நிலத்தைச் சமப்படுத்தலாமா?

வேண்டாம். இங்கே அதை இறக்கவே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அடிமண் மேலே வந்துவிட்டால் பல வருஷத்துக்கு விளைச்சலும் இருக்காது.