டாமிக்கு மூன்று வயது

அன்புள்ள ஐயா,

வதைமுகாம் வாழ்க்கையை ஒரு விளையாட்டு என்று மகனை நம்பவைக்கும் அப்பாவைப் பற்றிய இத்தாலியப் படம் பார்த்தேன். குழந்தையிடம் அப்படிப் பொய் சொல்வது சரியா? எட்டு வயது மகனுக்கு அதைக் காட்டலாமா? சிரிக்கத் தெரிந்தால் எந்தத் துயரத்தையும் வென்றுவிடலாம் என்று பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் பேசவும் இருக்கிறேன்.

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

படத்தைக் காட்டலாமா என்பதை உங்கள் பிள்ளையை அறிந்த நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். உங்கள் கடிதம் வந்தபோது நான் ஒரு நிஜ அப்பாவின் ஓவியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பெட்ரிஷ் ஃபிரிட்டா, பிராக் நகரத்துக் கேலிச்சித்திரக்காரர், யூதர். 1941 டிசம்பரில் நாஜிகள் அவரை, யூதர்களை அடைத்துவைத்த தெரேசின் ஊருக்கு, அதாவது அங்கிருந்த கெட்டோவுக்குக் கொண்டுபோனார்கள். மனைவி யொஹானாவும் கைக்குழந்தை டாமியும் பின்னால் வந்து சேர்ந்தார்கள். 1944 ஜனவரி 22 டாமியின் மூன்றாவது பிறந்தநாள். அப்பா ஒரு படப்புத்தகம் வரைந்து கொடுத்தார். உருண்டைத் தலையும் குட்டிக் கால்களுமாக டாமி பக்கத்துக்குப் பக்கம் வருகிறான். பெரியவனானால் என்ன ஆகப்போகிறாய், இன்ஜினியரா, குத்துச்சண்டை வீரனா, ஓவியனா என்று அப்பா சீண்டுகிறார். இனி உனக்காக வரையப்போகும் நீண்ட வரிசையில் இது முதல் புத்தகம் என்றும் எழுதுகிறார்.

பொய்யா என்று கேட்டீர்கள். அந்தப் புத்தகத்திலேயே டாமி ஒரு பெட்டியின் மேல் ஏறி, நமக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் வழியே பார்த்தபடி நிற்கும் படம் இருக்கிறது. ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்கள் தூக்கிவந்த பெட்டி அது. பிள்ளை இருக்கும் இடத்தை அப்பா மறைக்கவில்லை, அங்கேயே வைத்துத்தான் வேடிக்கை காட்டினார்.

அதே கை இன்னொன்றும் செய்தது. கெட்டோவின் வரைகலை அலுவலகத்துக்கு ஃபிரிட்டாதான் பொறுப்பாளர். பகலில் நாஜிகள் கேட்டதை வரைந்துவிட்டு, நெரிசலையும் முதியவர்களின் பட்டினியையும் பிணங்களையும் கறுப்பு மையில் ரகசியமாகத் தீட்டினார். பிள்ளைக்குச் சிரிப்பும் உலகத்துக்கு உண்மையும் ஒரே மனிதரிடமிருந்து வந்தன. இதைப் பலருக்கும் சொல்லிவருகிறேன், இன்னும் சொல்வேன். வெளியே வாய் மூடிக்கொண்டு வீட்டில் மட்டும் பிள்ளையைச் சிரிக்கவைத்தவர் இல்லை அவர்.

உங்கள் கடிதத்தில் வரிக்கு வரி பிள்ளைப் பாசம் தெரிகிறது. ஆனாலும் ‘எந்தத் துயரத்தையும் வென்றுவிடலாம்’ என்ற வரியைப் படித்ததும் கோபம் வந்தது. யார் வென்றது? 1944 ஜூனில் செஞ்சிலுவைக் குழு வந்துபோனது. அதற்காகச் சாயம் பூசி ஊரையே ஜோடித்துக் காட்டினார்கள். ஜூலையில், அந்த ரகசிய ஓவியங்களால் அவதூறு பரப்பினார்கள் என்று சொல்லி ஃபிரிட்டாவையும் சக ஓவியர்களையும் கைதுசெய்தார்கள். குடும்பங்களையும் விடவில்லை. மூன்று வயது டாமியும் அம்மாவோடு தெரேசினில் நாஜிகள் நடத்திய ‘சிறிய கோட்டை’ச் சிறைக்குப் போனான். யொஹானா அங்கேயே இறந்தார். ஃபிரிட்டா அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் இறந்தார். சிரிக்கத் தெரியாததாலா செத்தார்கள்? சுடச்சுட ஊக்கப்பேச்சு பேசுகிறவர்களிடம் இதைக் கேட்க வேண்டும். அந்தச் சிரிப்பு கொலைகாரர்களைத் தடுக்கவில்லை. ஒரு குழந்தைக்கு ஒரு பிறந்தநாளைக் கொடுத்தது. அது சின்ன விஷயமும் இல்லை. அதை வெற்றி என்று ஊதிப் பெருக்காதீர்கள்.

டாமி பிழைத்தான். ஃபிரிட்டாவோடு கைதான ஓவியர் லியோ ஹாஸ் உயிரோடு திரும்பி வந்து, ஒளித்துவைத்த ஓவியங்களைத் தேடி எடுத்தார். அவரும் மனைவி எர்னாவும் டாமியைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். கூட்டத்தில் ஃபிரிட்டாவைப் பற்றிப் பேசினால் இந்த இருவரைப் பற்றியும் பேசுங்கள். நேரம் போதாது என்றால் ஊக்கம் தரும் பகுதியை வெட்டிவிடுங்கள்.