ஒரே கம்பெனிக்கு இரண்டு மதிப்பீடு: யாரோ ஒருவர் பொய் சொல்கிறாரா?

கேள்வி: சிங்கப்பூரில் என் மாமாவும் அவருடைய நண்பரும் சேர்ந்து தொடங்கிய கேட்டரிங் கம்பெனியில் மாமாவுக்கு 30% பங்கு. வயதாகிவிட்டதால் விலக நினைக்கிறார், நண்பரே வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். மாமா அமர்த்திய மதிப்பீட்டாளர் அந்தப் பங்குக்கு 600,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்கிறார். நண்பர் அமர்த்தியவர் 300,000க்கும் குறைவு என்கிறார். இருவருமே தகுதி பெற்றவர்கள்தான். யாரை நம்புவது?

பதில்:

செசில் ஸ்திரீட் பக்கம் ஓர் அலுவலகத்தில் நானும் இதே வேலையைத்தான் செய்கிறேன். அதனால் என் தொழிலுக்குக் கொஞ்சம் பரிந்து பேசினால் அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள். பொய்யே சொல்லாமல் இந்த இரண்டு தொகைக்கும் வந்து சேரலாம். அதற்காக இரண்டுமே உங்கள் மாமாவின் விஷயத்துக்குப் பொருந்தும் என்று ஆகிவிடாது.

உங்கள் மாமாவின் கணக்கு என் கையில் இல்லை, அதனால் எண்களை நானே உதாரணத்துக்கு வைத்துக்கொள்கிறேன். வட்டி, வரி, தேய்மானம் எல்லாம் கழிப்பதற்கு முன் கம்பெனியின் ஆண்டு லாபம் 400,000 வெள்ளி. வங்கிக் கடன் இல்லை, உபரிப் பணமும் இல்லை. மாமாவின் ஆள், கம்பெனியின் விலை ஆண்டு லாபத்தைப் போல 5 மடங்கு என்று வைக்கிறார், 2 மில்லியன் வருகிறது. அதில் 30% என்றால் 600,000. அவ்வளவுதான்.

நண்பரின் ஆள் முதலில் சம்பளப் பட்டியலை எடுக்கிறார். கம்பெனியை ஓட்டும் நண்பர் மாதம் 3,000 வெள்ளி மட்டும் சம்பளமாக எடுத்துக்கொண்டு மற்றதை ஈவுத்தொகையாக வாங்கிக்கொள்கிறார். இங்கே இது சர்வசாதாரணம். கம்பெனி வரி கட்டியபின் பங்குதாரர் கைக்கு வரும் ஈவுத்தொகைக்கு மறுபடி வரி கிடையாது, சம்பளம் என்றால் வருமான வரியும் உண்டு, சிபிஎஃப் என்ற மத்திய சேம நிதிச் சந்தாவும் உண்டு. ஆனால் நாளைக்கே அவர் இடத்தில் வெளியாள் ஒருவரை மேலாளராகப் போட்டால் 9,000 வெள்ளிக்குக் குறைந்து யாரும் வரமாட்டார்கள். மாதம் 6,000 வித்தியாசம், ஆண்டுக்கு 72,000. முதலாளி கட்ட வேண்டிய சிபிஎஃப்பையும் சேர்த்தால் சுமார் 80,000. ஆக லாபம் 320,000தான் என்கிறார். இந்தத் திருத்தத்தை நான் மாமா பக்கம் இருந்தாலும் செய்திருப்பேன். செய்யாமல் விட்டது அந்த அறிக்கையின் பலவீனம்.

அடுத்து, 5 மடங்கு அதிகம், 4 போதும் என்கிறார். வாடிக்கையாளர்கள் எல்லாரும் நண்பரின் கைபேசியில்தான் இருக்கிறார்கள், அவர் போய்விட்டால் கல்யாண ஆர்டர், கம்பெனி ஆர்டர் எல்லாம் அவர் பின்னாலேயே போய்விடும், அதனால் ஆபத்து அதிகம் என்பது அவர் வாதம். 1.28 மில்லியன், அதில் 30% என்றால் 384,000. கடைசியாக, 30% வைத்திருப்பவரால் தனியாக எதையும் தீர்மானிக்க முடியாது, அந்தப் பங்கை வெளியில் வாங்கவும் ஆள் கிடைக்காது என்று 25% தள்ளுபடி. 288,000.

நண்பர் போய்விட்டால் ஆர்டர் போய்விடும் என்ற வாதத்தைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் கம்பெனியை வாங்க வந்தால் அந்தப் பயம் நியாயம். இங்கே வாங்குவதே அந்த நண்பர்தானே? அவர் எங்கும் போகப் போவதில்லை. சர்வதேச மதிப்பீட்டு நெறிகளில் சந்தை மதிப்பு என்று ஒன்று இருக்கிறது, அதில் வாங்குபவர் யாரோ ஒருவர். ஈக்விட்டபிள் வேல்யூ என்று வேறொன்றும் இருக்கிறது. இன்னார் இன்னாருக்கு விற்கிறார் என்று தெரிந்தபின், அந்த இருவரின் நிலைமையையும் பார்த்து வைக்கும் நியாயமான விலை அது. உங்கள் மாமாவின் கதை இரண்டாவதற்குத்தான் நெருக்கம். நண்பரின் ஆள் முதலாவதை எடுத்திருப்பார் என்று ஊகிக்கிறேன். அறிக்கையின் முதல் சில பக்கங்களில் அது எழுதியிருக்கும், பார்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தத் தள்ளுபடி. ஒரே வெட்டில் 96,000 வெள்ளி போய்விட்டது. இது கணக்கு சம்பந்தப்பட்டதே இல்லை, பெரும்பாலும் சட்டம் சம்பந்தப்பட்டது. சிறுபான்மைப் பங்குதாரரை நசுக்கினார்கள் என்று கம்பெனிச் சட்டத்தின் 216வது பிரிவின் கீழ் வழக்குப் போட்டு, பங்கை வாங்கிக்கொள்ளும்படி நீதிமன்றம் உத்தரவிடும்போது, அந்தக் கம்பெனி நம்பிக்கையின் பேரில் கூட்டாளிகள் போல நடத்தியதாக இருந்தால் சிறுபான்மைத் தள்ளுபடியைப் பொதுவாக ஏற்பதில்லை. மற்ற கம்பெனிகளில் அந்தந்த வழக்கின் நிலைமையைப் பொறுத்தது. ஆனால் உங்கள் மாமாவை யாரும் நசுக்கவில்லை, அவராகவே விலகுகிறார். அப்படியானால் முதலில் பேசுவது பங்குதாரர் ஒப்பந்தமும் கம்பெனியின் அமைப்பு விதிகளும்தான். சிலவற்றில் ‘கம்பெனி முழுவதன் மதிப்பில் விகிதாசாரப் பங்கு, தள்ளுபடி இல்லாமல்’ என்று தெளிவாகவே எழுதியிருப்பார்கள். சிலவற்றில் ‘நியாயமான விலை’ என்று ஒரு சொல்லோடு நிறுத்தியிருப்பார்கள். தொடங்கும்போது கூட்டாளிகள் நல்ல சிநேகத்தில் இருந்ததால் யாரும் மேலே கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்த ஒரு சொல்லுக்குத் தள்ளுபடி உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது மதிப்பீட்டாளரின் வேலையே இல்லை. வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு, ‘இந்த அறிவுறுத்தலின்படி செய்தேன்’ என்று அறிக்கையில் போட வேண்டும். இல்லையென்றால் இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். எதையும் சொல்லாமல் 25% வெட்டியிருந்தால் அங்கே நான் கேள்வி கேட்பேன். தள்ளுபடியைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் 600,000 என்று எழுதியிருந்தாலும் அதே கேள்விதான்.

எக்செல்லைத் திறப்பதற்கு முன்பே ஒரு மதிப்பீட்டின் நேர்மை பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது என்பது என் எண்ணம். வேலையை ஒப்புக்கொள்ளும் கடிதத்தில் எதற்காக இந்த மதிப்பீடு, எந்த அடிப்படையில், எந்தத் தேதிக்கு, யார் பயன்படுத்தலாம், எதைச் சரிபார்க்கவில்லை என்று எழுதியிருக்க வேண்டும். 2025 ஜனவரி 31 முதல் நடப்பில் உள்ள சர்வதேச நெறிகளும் இதைத்தான் கேட்கின்றன. வங்கிக் கடனுக்காகச் செய்த அறிக்கையைக் கொண்டுவந்து பங்குப் பிரிவினையில் நீட்டுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்த அறிக்கையில் பிழை இருக்காது, இந்த வேலைக்கு அது எழுதப்படவில்லை, அவ்வளவுதான். உங்கள் இரண்டு அறிக்கையின் மதிப்பீட்டுத் தேதியும் ஒன்றா என்பதையும் பாருங்கள். கேட்டரிங் தொழிலில் ஒரு பெரிய ஒப்பந்தம் வந்தாலோ போனாலோ ஆறு மாதத்தில் கதையே மாறிவிடும்.

சரி, பணம் கொடுப்பவர் பக்கம் மதிப்பீட்டாளர் சாய்வதே இல்லையா? சாய்வார்கள். ஆனால் நீங்கள் கற்பனை செய்வது போல, உறையில் பணம் வைத்து யாரும் நீட்டுவதில்லை. முதல் வரைவு போகும், வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், அடுத்த வாரம் புதிய வருமானக் கணிப்பு ஒன்று மின்னஞ்சலில் வரும். பழையதைவிட நன்றாக இருக்கும். வேறொரு கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆண்டுக்கு 400,000 வெள்ளி ரொக்க வரவு, வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் வீதம் 12%, நிரந்தர வளர்ச்சி 3% என்று வைத்தால் 4.58 மில்லியன் வருகிறது. 12ஐ 11 ஆக்கி, 3ஐ 4 ஆக்கினால் 5.94 மில்லியன். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு மாற்றத்தையும் யாரும் தப்பு என்று சொல்ல முடியாது. சேர்ந்தால் விலை சுமார் 30% ஏறிவிட்டது. நல்ல அலுவலகங்களில் ஒவ்வொரு வரைவிலும் எது மாறியது, யார் மாற்றச் சொன்னார், என்ன ஆதாரம் கொடுத்தார் என்று பதிந்து வைப்பார்கள். கோப்பில் அந்தப் பதிவு இருந்தால் அலுவலக முதலாளிக்கும் பயப்பட வேண்டாம், குறுக்கு விசாரணைக்கும் பயப்பட வேண்டாம். இறுதித் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசியிருந்தால் எனக்கு அந்த அறிக்கையே வேண்டாம். உங்கள் மாமா அப்படிப் பேசியிருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

இந்தத் தொழிலில் இன்னொரு தர்மசங்கடம் நம் ஆட்களிடம் அடிக்கடி வரும். தேக்கா பக்கம் கடை வைத்திருக்கும் ஒருவர், பெயர் வேண்டாம், கணக்குகளை எல்லாம் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “தம்பி, புக்குல வராத கேஷ் சேல்ஸ் மாசம் பத்தாயிரம் இருக்கு, அதையும் சேத்துப் பாருங்க, அப்பத்தான் சரியான வெல வரும்” என்றார். “அண்ணே, வரி கட்டும்போது இல்லாத பணம் விக்கும்போது மட்டும் எப்படிண்ணே வரும்?” என்று கேட்டேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேர்த்தால் ஆதாரமில்லாத வருமானத்துக்கு என் கையெழுத்து. சேர்க்காமல் விட்டாலும் கேட்டதைக் கேட்காத மாதிரி இருக்க முடியாது. வருமான வரி ஏய்ப்பு, 9% ஜிஎஸ்டி ஏய்ப்பு இரண்டும் அதில் வரக்கூடும். கடுமையான வரிக் குற்றங்கள் 2013 ஜூலை 1 முதல் இங்கே கள்ளப்பணத்தை நல்ல பணமாக்குவதைத் தடுக்கும் சட்டத்துக்குள் வந்துவிட்டன. வேலையின்போது அப்படிச் சந்தேகப்படக் காரணம் கிடைத்தால் புகார் அறிக்கை கொடுக்கும் கடமை சட்டத்திலேயே இருக்கிறது, வங்கிக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ‘உங்களைப் பற்றி எழுதப் போகிறேன்’ என்று அவரிடம் முன்கூட்டிச் சொல்வதும் குற்றமாகலாம். ஆகவே உங்கள் மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், இந்த வகை ‘தகவல்’ விலையை ஏற்றாது.

கணக்கின் தரம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆண்டு வருவாய் 10 மில்லியனுக்குள், சொத்து 10 மில்லியனுக்குள், ஊழியர் 50 பேருக்குள் என்ற மூன்றில் இரண்டு பொருந்தினால் தனியார் கம்பெனிக்குப் பொதுவாகத் தணிக்கை கட்டாயமில்லை. மாமாவின் கம்பெனி அநேகமாக அந்த வகைதான். அப்படியென்றால் இரண்டு மதிப்பீட்டாளர்களும் நம்பியிருப்பது நிர்வாகம் கொடுத்த கணக்கை, அதாவது நண்பர் கொடுத்த கணக்கை. அறிக்கையின் கடைசியில் ‘நாங்கள் இதைத் தணிக்கை செய்யவில்லை’ என்று சிறிய எழுத்தில் இருக்கும், அதைப் படிக்காமல் தாண்டாதீர்கள். வங்கி அறிக்கையோடும் ஜிஎஸ்டி படிவங்களோடும் விற்பனையை ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

பட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிவிஏ என்ற மதிப்பீட்டாளர் பட்டம் இருந்தால் நல்லது, இந்த மாதிரிக் கம்பெனிகளை முன்பே மதிப்பிட்டிருக்கிறாரா என்பது அதைவிட முக்கியம்.

இனி என்ன செய்வது? இரண்டு மதிப்பீட்டாளர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, யார் சரி என்று கேட்காமல், எங்கெங்கே வேறுபடுகிறார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் எதிரே எத்தனை வெள்ளி என்று இருக்கட்டும். நான் மேலே போட்ட கணக்கில் அது மூன்றே வரி: சம்பளத் திருத்தம் 120,000, மடங்கு 96,000, தள்ளுபடி 96,000. முதலாவதை மாமா விட்டுக்கொடுக்கலாம், இரண்டாவதில் பேரம் பேசலாம், மூன்றாவதுக்கு ஒப்பந்தத்தைத் திறந்து வழக்கறிஞரிடம் கேட்கலாம். நீதிமன்றத்துக்குப் போனாலும் இதே திசையில்தான் தள்ளுவார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி கூடுமானவரை இரு தரப்பும் ஒரே நிபுணரை ஒப்புக்கொள்ள வேண்டும், அந்த நிபுணரின் கடமையும் கூலி கொடுப்பவருக்கு இல்லை, நீதிமன்றத்துக்குத்தான்.

மூன்றாவதாக ஒருவரைப் பொதுவாக அமர்த்தி அவர் சொல்வதே முடிவு என்று கையெழுத்துப் போடப் போகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். மோசடி, பாரபட்சம், கொடுத்த அறிவுறுத்தலை மீறியது போன்ற காரணம் இருந்தால் ஒழிய அந்தத் தொகையை நீதிமன்றம் தொடாது. கணக்கில் அவர் கொஞ்சம் கோட்டை விட்டிருந்தாலும் அதேதான். ஆகவே அவருக்குக் கொடுக்கும் அறிவுறுத்தலில் மதிப்பீட்டுத் தேதி, அடிப்படை, தள்ளுபடி உண்டா இல்லையா, நண்பரின் சம்பளத்தை எப்படித் திருத்துவது ஆகிய நான்கையும் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

விலை படிந்து பங்கு மாற்றப் பத்திரத்தில் இங்கே கையெழுத்துப் போட்டபின் 14 நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், 0.2%. வாங்குபவர் கட்டுவதுதான் வழக்கம். பேசிய விலை, பங்கின் மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல் போடுவார்கள். இப்படிப்பட்ட தனியார் கம்பெனிக்கு ஐராஸ் என்ற வரி ஆணையம் பொதுவாகப் பார்ப்பது, கடன் போக மிஞ்சும் நிகரச் சொத்து மதிப்பைத்தான், ஆகவே கடைசிக் கணக்கறிக்கையைத் தயாராக வைத்திருங்கள்.