கரும்புகையும் நாசில் கரியும்: முதலில் எண்ணெயின் சூட்டைப் பாருங்கள்

உங்கள் பர்னரில் ஃபர்னஸ் ஆயிலை (உலைகளில் எரிக்கும் கெட்டியான எண்ணெய்) 70 டிகிரிக்குச் சூடாக்கியும் கரும்புகை வருகிறது, எண்ணெயைத் தெளிக்கும் நாசில் முனையில் கரி கட்டுகிறது, காற்றைக் கூட்டினால் சுடர் அணைகிறது என்று எழுதியிருந்தீர்கள். காற்றை இப்போதைக்கு விடுங்கள். குறை எண்ணெயின் பாகுத்தன்மையில்தான், அதாவது அது எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதில்தான் இருக்கும்.

எண்ணெயை அழுத்தத்தால் மட்டுமே துளிகளாகத் தெளிக்கும் பிரஷர் ஜெட் நாசிலுக்குப் பாகுத்தன்மை 15 சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையின் அலகு) அளவுக்கு இறங்க வேண்டும். உங்கள் எண்ணெய் 50 டிகிரியில் 180 என்கிறீர்கள். அது 70 டிகிரியிலும் 60-ஐத் தாண்டியே நிற்கும். 15-க்கு வர 110 முதல் 120 டிகிரி வேண்டும். இல்லாவிட்டால் துளிகள் பெரிதாக விழும். மேல்பரப்பு ஆவியாகி எரிந்துபோகும், உள்ளே மிஞ்சுவது கரித்துகள். நீங்கள் பார்க்கும் புகை அதுதான்.

ஆனால் இந்தச் சூட்டைத் தொட்டியில் ஏற்றவே கூடாது. அடியில் தண்ணீர் இருந்தால் 100 டிகிரியில் பொங்கி எண்ணெயை வெளியே தள்ளிவிடும். தொட்டியில் பம்ப் இழுக்கும் அளவு சூடு போதும். மீதியை பம்புக்கு அப்புறம், அழுத்தத்தில் உள்ள குழாயில் ஹீட்டர் வைத்து ஏற்றுங்கள். தெர்மோமீட்டர் நாசிலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். சூடான எண்ணெய் நாசில் வரை போய்ச் சுற்றித் திரும்பும் குழாயும் (ரிட்டர்ன் லைன்) அவசியம், இல்லையென்றால் பற்றவைக்கும்போது வருவது ஆறிய எண்ணெய்தான்.

அப்புறம் காற்று. ஒரு கிலோ எண்ணெய்க்குச் சுமார் 14 கிலோ, அதற்கு மேல் 15-20 சதவீதம். புகைபோக்கியில் ஆக்சிஜன் 3 சதவீதத்தை ஒட்டி இருந்தால் சரி. சுடர் அப்போதும் பிய்ந்து போனால், காற்றைச் சுழற்றிவிடும் ஸ்விர்லர் தகடுகளின் கோணத்தையும் நாசிலின் இடத்தையும் அளந்து எழுதுங்கள், பார்ப்போம்.