ஷோன்ஃபெல்ட் போட்ட கட்டில்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாஜிகளிடமிருந்து யூதப் பிள்ளைகளை மீட்ட லண்டன் ரப்பி (யூத மதகுரு) சாலமன் ஷோன்ஃபெல்டைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஒன்று உறுத்துகிறது. ஆசாரமான யூதக் குடும்பத்துப் பிள்ளைகளைத்தான் அவர் முதலில் மீட்கப் பார்த்தார் என்கிறார்கள். தன் ஆட்கள் என்று பார்ப்பவரை மனிதநேயர் என்று எப்படிக் கொண்டாடுவது?

க.

அன்புள்ள க.,

உண்மைதான், பார்த்தார். 1938 நவம்பரில் நாஜி ஆட்சியில் யூதர்கள்மீது நடந்த வன்முறைக்குப் பிறகு, பெற்றோரில்லாமல் வரும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள பிரிட்டன் இசைந்தது. போர் தொடங்குவதற்குள் ஏறத்தாழ 10,000 பேர் வந்தார்கள். அந்தப் பட்டியல்களில் ஆசாரக் குடும்பத்துப் பிள்ளைகள் விடுபடுகிறார்கள் என்று வியன்னாவிலிருந்து அவருக்கு முறையீடு வந்தது. வந்தவர்களிலும் பலர் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தார்கள். உயிர் பிழைத்தது போதாதா என்று நாம் கேட்கலாம். கோஷர் எனும் யூத மதவிதிப்படியான சாப்பாடும் சனிக்கிழமை ஓய்வும் இல்லாத வீட்டில் அந்தப் பிள்ளை யூதனாக மிஞ்சுமா என்பது அவருடைய கவலை. இதற்காகப் பிற அகதிக் குழுக்களோடு கடுமையாகவே சண்டை போட்டார். அன்பாக வைத்திருந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளையை மறுபடி பிரிப்பது எனக்கு ஒப்பவில்லை.

ஆனால் வேலை செய்தவிதத்தைப் பாருங்கள். வியன்னாவிலிருந்து சுமார் 300 பிள்ளைகள். படுக்க இடம் காட்டினால்தான் அனுமதி என்றது உள்துறை. அவருக்கு வயது 26. தன் பொறுப்பிலிருந்த பள்ளிக்கூடங்கள் குளிர்கால விடுமுறையில் காலியாகக் கிடக்க, வகுப்பறைகளில் கட்டில் போட்டார். போதவில்லை. தன் வீட்டையும் ஒழித்துக் கொடுத்தார். பார்வையிட வந்த அதிகாரி, "நீங்கள் எங்கே படுப்பீர்கள்?" என்று கேட்க, கூரைக்கடியில் இருந்த சின்ன அறைக்கு அழைத்துப்போய்க் காட்டினாராம்.

மனிதநேயர் பட்டம் வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள், அவரும் அதைக் கேட்கவில்லை. 1943 ஜனவரியை மட்டும் ஒருமுறை பாருங்கள். ஆபத்திலிருப்பவர்களுக்கு பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் தற்காலிகப் புகலிடம் கேட்டு ஒரு நாடாளுமன்றத் தீர்மானத்துக்கு 200க்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் ஆதரவைத் திரட்டியிருந்தார். அதில் ஆசாரமானவர், ஆசாரமற்றவர் என்ற பேச்சே இல்லை. எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? யூதர்களின் தாயகமாக வேண்டுமென்று அவர்கள் விரும்பிய பாலஸ்தீனத்தின் பெயர் அதில் இல்லையே என்று யூதத் தலைவர்கள் சிலரிடமிருந்தே. தீர்மானம் கரையேறவில்லை.

போர் முடிந்ததும், தானே வடிவமைத்த ராணுவச் சீருடை போன்ற ஒன்றை மாட்டிக்கொண்டு போலந்துக்குக் கிளம்பிவிட்டார், அங்கே எஞ்சியிருந்த அனாதைப் பிள்ளைகளை அழைத்துவர.

அன்புடன்
ஆசிரியர்